பதினொரு குவாரி வெடிகள்

…இந்தப் பதிவும் மதியம் பன்னிரண்டரைக்கு வந்ததுதான், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்திருப்பேன், திரையில் அலை லேசாகத் துடித்திருக்கும், வடக்கே கல்குவாரி இருக்கிறது, பகல் வேளை, வேலை நாள், சின்ன அதிர்வு, அப்புறம் என்ன யோசனை, ‘குவாரி வெடி’ என்று ஒரு தட்டு, அடுத்தது. இந்த நிலநடுக்கப் பதிவு அறையில் எல்லோரும் அப்படித்தான், பகலில் வந்தால் வெடி, இரவில் வந்தால் நடுக்கம்… பூமிக்கே ஷிஃப்ட் போட்டுக் கொடுத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை ரிக்டரில் ஐந்து புள்ளி இரண்டு அளவுக்கு நடுக்கம் வந்த பிறகு மேலதிகாரி ஆறு வருடப் பதிவுகளைத் திறந்து, “நீ போட்டத நீயே ஒரு தடவ பாத்துடும்மா” என்றார், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. வெடி என்றால் நிலத்தை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும், எல்லாப் பதிவு நிலையத்திலும் முதல் அலை மேலேதான் எழும். இது இங்கே மேலே, அங்கே கீழே. நடுக்கம். இதோடு பதினொன்று. இன்னொரு நிலையத்தையும் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஒரு நிமிட வேலை, ஏன் பார்க்கவில்லை? பழி ஓரிடம் பாவம் ஓரிடம், குவாரிக்காரன் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பதினொன்றையும் வரைபடத்தில் வைத்தால் ஒரே கோடு, அக்கா வீட்டுத் தெருவுக்குக் கீழே போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம், ஆறு கொண்டுவந்து கொட்டிய அறுநூறு மீட்டர் வண்டல் ஒரு பிளவையே மறைத்து வைத்திருக்கிறது. அந்த வீட்டை வாங்குமுன் அத்தான் என்னிடம்தான் கேட்டார், “நம்ம பூகம்ப டாக்டர் சொல்லட்டும், அப்புறம் வாங்கலாம்” என்று, என்னை வம்புக்கு இழுக்காமல் அவருக்கு ஒரு நாள் போகாது. நானும் வரைபடத்தைப் பார்த்தேன், பிளவைக் காட்டும் சிவப்புக் கோடு எதுவும் இல்லை, “தைரியமா வாங்குங்க அத்தான், கீழ வெறும் மண்ணுதான்.” கோடு இல்லை என்றால் யாரும் தேடவில்லை என்றுதானே அர்த்தம்? வெறும் மண்தான் அதிகமாக ஆடும் என்று எனக்குத் தெரியாதா? பதினொன்றில் ஏழு அதற்கு முன்பே வந்துவிட்டன, நான் போட்ட ஏழு. செவ்வாய் மாலை அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், மாடிக் கைப்பிடிச் சுவர் சரிந்தது. அந்த நேரத்தில் நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன், ‘மிதமான நிலநடுக்கம்’ என்று, அடியில் அவர் கிடக்கிறார் என்று தெரியாமல்… மிதமான. அழுகை வருகிறது, இங்கே அழ முடியாது.

போன் அடிக்கிறது, அக்கா. முகாம் போட்டிருக்கும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறாள், அத்தானின் இறுதிச் சடங்கு முடிந்து இரண்டு நாளாகிறது. “எல்லாரும் வீட்டுக்குத் திரும்பறாங்க. நானும் போகட்டுமா? நீ சொன்னா போறேன்.” நான் சொன்னால். இன்னுமா? மறுபடி வருமா, எப்போது வரும், யாரால் சொல்ல முடியும், “தெரியலக்கா, போகாத, இங்க என்கிட்ட வந்துடு” என்றேன். இப்போது சொல்லிவிட வேண்டும், பதினொன்றையும் சொல்லிவிட வேண்டும், திரையில் அந்தக் கோடு இருக்கிறது, வாயைத் திறந்தால் போதும்… அதற்குள் அவளே ஆரம்பித்தாள், சின்ன வயதில் என் முழங்காலைத் துடைத்துவிடும்போது பேசுவாளே, அந்தக் குரலில். “நீ ராத்திரியெல்லாம் தூங்கலன்னு அம்மா சொன்னா. எதையாவது மனசுல போட்டுக் கொழப்பிக்காத. உனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கள அங்க விட்டிருப்பியா? வீடு வாங்கின அன்னைக்கும் உனக்குத் தெரியாதுதானே?”

“ஆமாக்கா” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.