புரோகோப்பியோவின் கடைசித் தட்டு

சவப்பெட்டியின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கடைசி முத்தம் கொடுப்பவளைப்போலக் குனிந்து, இசித்ரா அப்பாவின் பாரோங் சட்டைக்குள் கையை விட்டுத் துழாவினாள். நெஞ்சுக்குக் கீழே குளிர்ந்த விளிம்பொன்று விரலில் தட்டுப்பட்டது. அப்பாவைவிடக் கொஞ்சம் அதிகக் குளிர்ச்சி.

“நீதானே வச்சே?” என்றாள், தலையைத் தூக்காமலே.

தம்பி கிரிசாந்தோ பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். எதையோ மறைக்கிறான் என்று ஊருக்கே தெரிகிற மாதிரி நிற்பதில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தேர்ச்சி.

“அவரோட தட்டு அக்கா. அவரோடயே போகட்டும்.”

“பெரிய மகாராஜா பாரு! ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குள்ள தோண்டிருவானுங்கடா. உள்ள கிடக்கறவரு எத்தனை பேரைத் தோண்டினாரு, மறந்துட்டியா?”

மறக்க முடியாதுதான். பத்தங்காஸ் கடற்கரையோரம், கரும்புக்காட்டுக்கு அடியில், ஸ்பானியர் வருவதற்கு முன்னால் செத்தவர்கள் படுத்திருந்தார்கள். சீனக் கப்பல் கொண்டுவந்த நீலப்பூத் தட்டை முகத்திலோ மடியிலோ கவிழ்த்துக்கொண்டு போனவர்கள். அப்பா புரோகோப்பியோ இரும்புக் கம்பியை மண்ணில் செருகிக் காது கொடுப்பார். கல்லுக்கு ஒரு சத்தம், தட்டுக்கு ஒரு சத்தம். எலும்புக்குச் சத்தமே கிடையாது. அதனால் அதை யாரும் மதித்ததில்லை. இசித்ரா முகம் சுளிப்பாள். சுளித்துக்கொண்டே அந்தப் பணத்தில் நர்ஸ் படிப்பையும் முடித்துவிட்டாள். தன் வெள்ளை உடுப்புக்கு எந்தெந்தப் பிணங்கள் பணம் கட்டின என்று தெரிந்தால் நன்றிக் கடிதம் போடலாம், முகவரிதான் இல்லை.

இந்த ஒரு தட்டை மட்டும் அப்பா விற்கவில்லை. நடுவில் ஒரு மான், அடியில் சீன எழுத்து. ஊரில் யாருக்கும் தெரியாத அந்த எழுத்தை அவர் தினம் ஒரு விதமாகப் படிப்பார். அவள் மணிலாவிலிருந்து வரும் நாட்களில், “‘சோறு ஆறுது, சீக்கிரம் வா’ன்னு போட்டிருக்கு” என்பார். படுக்கையில் விழுந்தபிறகு படிக்கவில்லை. “என்கூட எதையும் வைக்காதீங்க. ஒரு மோதிரம்கூட வேணாம். நம்ம பசங்களை எனக்குத் தெரியும்” என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அப்பாவோடு குழி தோண்டப் போகிற அந்த ‘நம்ம பசங்கள்’ கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட்டும் காப்பியும் தீரத் தீர வந்தன. கண் சீட்டில், காது பெட்டியில். ஒருத்தன் கண்ணிலும் ஈரம் இல்லை.

இசித்ரா தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே மேடம் சாலுத் வந்தாள். மணிலாவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவள். அவள் அனுப்பிய மலர்வளையத்தில் செத்தவர் பெயரைவிடக் கடைப் பெயர் பெரிதாக இருந்தது.

“கண்ணு, இதை உங்கப்பா எனக்குத்தான் தர்றதா சொல்லியிருந்தாரு. எந்தக் குழின்னு மட்டும் சொல்லிரு. தலைமாடா, கால்மாடா? கதை இருந்தாத்தான் பெரிய இடத்துல வாங்குவாங்க.”

“அவருக்கே ஞாபகமில்ல மேடம்.”

“பரவால்ல, ஏதாச்சும் ராஜா குழின்னு நானே எழுதிக்கிறேன்.”

“அப்படியே ராஜா பேரையும் வச்சிருங்க. உங்க மாமனார் பேரு சும்மாதானே கிடக்கு?”

வெந்நீர் கேட்கிற சாக்கில் குலாஸ் எட்டிப் பார்த்தார். அப்பாவோடு கம்பி பிடித்த கூட்டாளி.

“வித்துட்டியாம்மா?”

“வித்தா விட்டுருவீங்களா மாமா?”

“நானா? சேச்சே. பசங்கதான் பேசுவானுங்க. மேடத்துக்குப் போலியைத் தள்ளிட்டு அசலை அப்பன்கூட அனுப்பிட்டாள்னு. உங்கப்பனும் போலி வித்தவன்தானே?” சொல்லிக்கொண்டே அவர் கண் கூடத்துப் பெட்டியை நீளவாக்கில் ஒருதரம் அளந்தது.

ஆக, வைத்தாலும் தோண்டுவார்கள், விற்றாலும் தோண்டுவார்கள். அப்பாவை அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அவர் தலைக்கு மேலே நின்று எவனோ கம்பியைச் செருகிக் காது கொடுப்பதை நினைத்தபோது, துண்டை இன்னொரு சுற்று இறுக்கிச் சுற்றினாள்.

கோயில் மணி அடித்தது. பெட்டியை மூடித் தூக்கினார்கள். குலாஸ் பின்பக்கம் வலது மூலை. பெட்டி வாசலைத் தாண்டும்போது ஒரு தட்டை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவு அதே வீட்டுக்குத் திரும்பி வருமாம். அதற்கென்று விளிம்பு போன சந்தைத் தட்டோடு அத்தை தயாராக நின்றாள்.

“அதை வச்சு நாளைக்குச் சோறு தின்னுக்கலாம் அத்தை” என்றாள் இசித்ரா. துண்டைப் பிரித்தாள். எல்லாருக்கும் மான் தெரிகிற மாதிரி உயரத் தூக்கினாள். கல்படியில் ஓங்கி அடித்தாள்.

சத்தம் சின்னதுதான். ஆனால் அந்த இழவு வீட்டில் முதல் அழுகை அப்போதுதான் எழுந்தது.

“அடிப்பாவி! கப்பல்ல வந்தப்ப உடையல, மண்ணுக்குள்ள கிடந்தப்ப உடையல, உன் கையில வந்தா உடையணும்!” சீட்டாடியவர்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். மேடம் சாலுத் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். புரோகோப்பியோவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையெல்லாம் மானுக்குக் கிடைத்தது.

குலாஸ் பெட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு துண்டைப் பொறுக்கி, உடைந்த வாயை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாக்கு நுனியால் தொட்டார். உடைந்தால்தான் அசலும் போலியும் நிச்சயமாகத் தெரியும். அது அவர்கள் தொழில்.

“அசல்” என்றார். “அசலேதான்டா.”

ஊரே கேட்டது. ஊரே முழங்கால் போட்டு வாசலில் துண்டு பொறுக்கத் தொடங்கியது.

பெட்டி வலது மூலையில் சரிந்தது. இசித்ரா போய் அந்த மூலைக்குத் தோள் கொடுத்தாள்.

“ரத்த சொந்தம் தூக்கக் கூடாதுடி! ஆகாது!” என்று அத்தை அலறினாள்.

“வேற யாரு இருக்கா அத்தை? எல்லாரும் வேலையா இருக்காங்க.”

அவள் குலாஸைவிட ஒரு சாண் குட்டை. நடக்கத் தொடங்கியதும் பெட்டி அவள் பக்கமாகத் தாழ்ந்தது. உள்ளே அப்பா மெல்லச் சரிந்து வந்து அவள் தோளோரம் நிற்பது பலகை வழியாகத் தெரிந்தது. அவள் நிமிர்த்தவில்லை.