மூடாத கண்

பூ மார்க்கெட்டில் மல்லியைப் போட்டதும் நேரே ஊருக்குப் போகலாம் என்றான் ஈஸ்வரன். போட்டோ கண்காட்சி ஒன்று நடக்கிறது, செத்த நேரம் பார்த்துவிட்டுப் போவோம் என்று கௌசல்யாதான் கணவனை அந்த மண்டபத்துக்கு அழைத்து வந்தாள். அங்கே தன் படமும் மாட்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் முகவாதம் வந்து அவளுடைய இடப்பக்க வாய் இறங்கிவிட்டது. இடது கண் மூடாது. தூங்கும்போதும் பாதி திறந்தே கிடக்கும். விசேஷ வீடுகளில் கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு சமையல் பக்கம் போய்விடுவாள். மாசி மாதம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஜீனத்தின் ஸ்டுடியோவுக்குப் போனபோது கரண்ட் இல்லை. காத்திருந்த பெஞ்சிலேயே தூங்கிப்போனாள். விழித்தபோது ஜீனத் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பம் போட்டுப் பிழைக்கிறவள். ஒரு படத்துக்குள் இன்னொரு படத்தைச் சேர்த்துத் தனக்கென்று செய்யும் கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றைக் காட்டி, உங்களையும் இப்படி எடுக்கட்டுமா அக்கா என்று கேட்டாள். எப்படிச் சம்மதித்தோம் என்று கௌசல்யாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மண்டபத்தில் மாட்டியிருந்த ஜீனத்தின் படங்களை ஈஸ்வரன் ஒவ்வொன்றாக நின்று பார்த்தான். தோல் பட்டறைக்காரர் ஒருவரின் விரித்த உள்ளங்கையில் அவருடைய முகமே ரேகைகளோடு கிடந்தது. நாற்காலியில் இருந்த ஒரு பெண்ணின் நிழல் மட்டும் எழுந்து ஜன்னலுக்குப் போயிருந்தது.

"பொய்தேன். ஆனா பொய்னு சொல்ல மனசு வரல" என்றான்.

அடுத்த படத்தின் முன் நின்றுவிட்டான். உழுத காட்டின் ஓரத்தில் கௌசல்யாவின் முகம் ஒரு குன்றுபோலப் படுத்திருந்தது. மூடிய கண் இருட்டில். திறந்த கண்ணில் மட்டும் வெளிச்சம். அதன் கீழ் இமையில் சின்னதாக ஓர் ஏணி சாய்ந்திருந்தது. இறங்கிய வாயை எந்த நிழலும் மறைக்கவில்லை.

அவன் முகம் சுண்டிப்போனது. ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன ஆகும், யாரைக் கேட்டு மாட்டினார்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். ஜீனத் பதறி வந்து, வேண்டாமென்றால் இப்போதே கழற்றிவிடுவதாகச் சொன்னாள்.

"என்னயக் கேட்டுத்தேன் மாட்டுனாங்க. கழட்ட வேணாம்" என்றாள் கௌசல்யா.

அவளும் அதை இப்போதுதான் இவ்வளவு பெரிதாகப் பார்க்கிறாள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய அதே கோணல்தான். ஆனால் அந்த முகம் யாருக்கும் கூச்சப்படாமல் படுத்திருந்தது.

ஈஸ்வரன் படத்துக்கு இன்னும் கிட்டே போனான். பிறகு, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டான்.

"தூங்கையில அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியுமா?"

"தூங்குறப்பத் தெரியாது. முழிச்சுக் கெடக்குறப்ப, நீங்க முதுகக் காட்டிப் படுத்திருக்கது தெரியும்."

அவன் மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது அவள் கையிலிருந்த காலிக் கூடைகளை வாங்கிக்கொண்டான்.

பஸ் செம்பட்டியைத் தொடும் முன்பே அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஈஸ்வரன் மெல்லக் குனிந்து பார்த்தான். பாதி திறந்திருந்த கண்ணில், சின்னச் சின்னதாகப் புளியமரங்கள் ஒவ்வொன்றாய் வந்து போய்க்கொண்டிருந்தன.