ஒரு சாண் கயிறு

விளையாட்டரங்க நடைபாதையில் மாட்ட வீரர்களின் பத்துப் புகைப்படங்கள் வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோதே, கட்டுமஸ்தான இளவட்டங்கள்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று படக்காரி சொல்லிவிட்டாள். அவரும் தலையை ஆட்டினார். ஆட்டுகிற தலையெல்லாம் சம்மதம் இல்லை என்பது அவளுக்கு உறைக்க நான்கு மாதம் ஆயிற்று. அறுபது வயதில் எடை தூக்கும் ஒரு பெண்மணியின் படத்தைப் பார்த்து, இவர் எதற்கு என்றார். சக்கர நாற்காலியில் இருந்து குண்டு எறிபவரை நாற்காலி தெரியாமல் எடுக்க முடியாதா என்றார். படத்துக்குப் படம் இவள் கரடியாகக் கத்தித்தான் ஒன்பது தேறின.

பத்தாவது படத்தில்தான் அவள் உயிரே இருந்தது. பார்வையில்லாத ஓட்டக்காரியும் அவள் அண்ணியும் ஓடும் படம். இருவர் கையையும் இணைப்பது ஒரு சாண் கயிறு. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், நாத்தனாருக்காக முப்பத்தைந்து வயதில் ஓடப் பழகினாள். அவள் எத்தனை சுற்றோ இவளும் அத்தனை சுற்று, அதுவும் மூச்சிரைக்க வளைவையும் தூரத்தையும் சொல்லிக்கொண்டே. பதக்கம் வாங்கும்போது மட்டும் தண்ணீர் புட்டியோடு ஓரமாக நிற்பாள். நான் என்ன வீராங்கனையா, கூட ஓடுகிறவள்தானே என்று படமெடுக்கவே கூச்சப்பட்டவளிடம், அந்தச் சுவரில் நீங்களும் இருப்பீர்கள் என்று படக்காரி வாக்குக் கொடுத்திருந்தாள்.

திறப்பு விழாவன்று காலை வந்து பார்த்தால், சுவரில் ஓட்டக்காரி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். கயிறு இல்லை. அண்ணி இருந்த இடத்தில் வெறும் மண் தடம்.

அச்சகத்தில் படங்களைச் சீர்செய்கிறவருக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். இருபது வருடமாகக் கல்யாணப் படங்களில் மின்கம்பியையும் குப்பைத்தொட்டியையும் அழித்துப் பழகிய கை. அவள் போனில் எகிற, மனிதர் நிதானமாகச் சொன்னார்: யாரோ குறுக்கே ஓடினார்கள், கையில் ஏதோ நூல் தொங்கியது, இரண்டையும் சுத்தமாக எடுத்துவிட்டேன். பாராட்டு வரும் என்று வேறு காத்திருந்தார். படக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். துடைப்பத்திடம் போய் ஏன் பெருக்கினாய் என்று எப்படிக் கேட்பது?

செயலாளருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த திருப்தி. ஒரு படத்துக்கு ஒரு ஆள் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும், விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அவருடைய 'பிறகு' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ஓட்டக்காரியும் அண்ணியும் வந்துவிட்டார்கள். அண்ணி ஒவ்வொரு படமாக விவரிக்க, நாத்தனார் கேட்டுக்கொண்டே நடந்தாள். பத்தாவதின் முன்னால் அண்ணியின் பேச்சு நின்றது.

"நம்ம படம் எப்படி அண்ணி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு. நீ பறக்கிற மாதிரி இருக்கே."

"கயிறு தெரியுதா?"

"தெரியுது."

வாக்குக் கொடுத்த படக்காரிக்கு அவமானமாக இருந்தது. இந்தப் பொய்யையும் அண்ணியே சுமக்க வேண்டுமா?

"இல்லம்மா," என்றாள். "கயிறும் இல்ல, உங்க அண்ணியும் இல்ல. அழிச்சிட்டாங்க."

செயலாளர் சமாதானம் சொல்லும் குரல் வந்த பக்கம் ஓட்டக்காரி திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"சார், ஓடும்போது கயிற விட்டா என்னைப் போட்டியை விட்டே தூக்கிடுவாங்க. அப்போ இந்தப் படத்துல நான் தோத்தாச்சு. தோத்தவளை எதுக்கு சார் மாட்டி வெச்சிருக்கீங்க?"

செயலாளர் இந்த முறை தலையைக்கூட ஆட்டவில்லை.

அண்ணிதான் நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடு. நான் சும்மா கூட ஓடறவதானே."

"சும்மாவா? சாரை என்கூட ஒரு சுத்து ஓடச் சொல்லுங்க அண்ணி, பார்ப்போம்."

படக்காரி அதற்குள் படத்தைக் கழற்ற ஏணியை எடுத்து வந்து சுவரில் சாய்த்திருந்தாள். செயலாளர் அது ஆடாமல் பிடித்துக்கொண்டார்.