சிவப்பு ஸ்டிக்கரும் கடைசி விடையும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். நுழைவுத் தேர்வு நடந்த கட்டடத்தின் வாசலில் என் தங்கைக்காகக் கால்கடுக்க நின்றிருந்தேன். நாற்பதை நெருங்கும் ஒரு பெண் வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். காத்திருந்த கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நிறைய இடத்துல பிழை இல்லைன்னு போட்டுட்டு வந்துட்டேங்க."

பயமாக இல்லையா என்று கேட்டார் அவர். இல்லை, பசிக்கிறது என்றாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள்— [வேண்டாம். கதை நகராதபோதெல்லாம் நான் மழையைக் கூப்பிடுவேன்.]

இன்னொன்று: வாழ்க்கையே ஒரு தேர்வுதான் என்று— [சீ.]

சரி, நேராகவே சொல்கிறேன். அவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் இருந்தாள். தைத்த சட்டைகள் கட்டுக் கட்டாக வரும். காலர், கை, பட்டன் என்று புரட்டிப் பார்த்து, கோளாறு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பெருமைதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஸ்டிக்கரே இல்லாமல் ஒரு கட்டு போனால் சூப்பர்வைசர் வந்து நிற்பார், மேசையில் தூக்கமா என்பார். அதனால் கட்டுக்கு ஒன்றாவது ஒட்டிவிடுவது அவளுக்குப் பழகிப்போனது. எதுவுமே கிடைக்காவிட்டால் நல்ல சட்டையிலேயே ஒட்டினாள்.

3

அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. முன்பு எழுதியபோதெல்லாம் காலை வாரியது ஒரே பகுதி: வாக்கியப் பிழை. ஒரு வாக்கியம், அதில் சில இடங்களில் அடிக்கோடு. தவறு எங்கே என்று குறிக்க வேண்டும். கடைசி விடை எப்போதும் 'பிழை இல்லை'.

சமையலறையில் அவள் காய் நறுக்க, வேன் ஓட்டும் கணவர் மாதிரித் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"ஏம்மா, கடைசி விடையை நீ ஒரு தடவைகூடப் போடலையே?"

"தப்பே இல்லாததை எதுக்குங்க மெனக்கெட்டுக் கேக்கப் போறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. தாளை மடக்கி வைத்தார்.

"நேத்து வழியில என் வண்டியை நிறுத்துனாங்க. லைசென்ஸ், டயர், லைட்டு, ஒண்ணு விடாம பாத்தாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு, போன்னு விட்டுட்டாங்க. அவங்க வேலை பாக்கலையா என்ன?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. தன் ஸ்டிக்கருக்காக யாரோ பிரித்துப் பிரித்துத் தைத்த நல்ல சட்டைகளை நினைத்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதைப் படித்த என் தங்கை, "இப்படிப்பட்ட புருஷன் எந்தக் கடையில கிடைப்பான்?" என்றாள். அவரைக் கொஞ்சம் கெடுக்கலாமென்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். வாசலில் அவர் குனிந்து அவள் செருப்பை எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேனே, மனசு வரவில்லை.)

4

இங்கே எனக்குச் சந்தேகம். இத்தனை வருடப் பழக்கம் ஒரு பேச்சில் போய்விடுமா? போகாது. அதனால் அவளைத் தொழிற்சாலைக்கே அனுப்பினேன். ஒரு கட்டு வந்தது. பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். குறையில்லை. விரல் தானாக ஸ்டிக்கர் சுருளுக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். கட்டு அப்படியே போனது. சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"பாத்துட்டேன் சார். நல்லா இருக்கு."

அவர் அவளை எல்லோர் முன்னாலும் திட்டுவதாக ஒரு பத்தி, [அடித்துவிட்டேன்] பாராட்டுவதாக ஒரு பத்தி. [அதையும்.] அவர் ஒரு சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், திரும்ப வைத்தார், போய்விட்டார். அவ்வளவுதான். தினமும் வேலை முடிகையில் வரும் தோள்வலி அன்று அவளுக்கு இல்லை.

5

தேர்வில் தேறினாளா? தேறியதாக ஒரு முடிவு எழுதினேன், இனித்துத் தொலைத்தது. தேறாததாக எழுதினேன், வயிற்றெரிச்சல். நிஜத் தேர்வு முடிவு வரும்வரை கதையை நிறுத்தி வைக்கலாமென்றால் அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எனக்கும் அவள் வியாதிதான். எழுதியதில் எதையாவது அடிக்காவிட்டால் வேலை செய்ததாகவே தோன்றாது. ஆகவே கடைசி வரியை உங்களிடம் தருகிறேன்:

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஏதாவது சாப்பிடலாமென்று, கணவரோடு சாலையைக் கடந்து போனாள்.

இதற்கு அப்பால் ஏதாவது வேண்டுமென்று தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், பென்சில் இதோ. ஆனால் முதலில் நன்றாகப் பாருங்கள். குறையில்லையென்றால், பயப்படாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.