ஒரு வரிசை ஒலிவ மரங்கள்

அப்பா இறந்த நாற்பதாம் நாள் துஆ முடிவதற்குள் சித்தப்பா மோன்ஜி டிராக்டரைக் கொண்டுவந்து எங்கள் மேற்கு வரப்பை ஒரு வரிசை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். துனிசியாவில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் பக்கம் ஒலிவ மரத்துக்கும் மரத்துக்கும் இருபத்து நான்கு மீட்டர் இடைவெளி. ஒரு வரிசை போனால் அத்தனை அகல நிலமும் சேர்ந்து போகும். அந்த வருடம் அம்மா சந்தையில் எண்ணெய் வாங்கினாள், முகத்தை மூடிக்கொண்டு. அதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்ததும் பைதான் என்ற கணினி மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். பழைய சர்வே நிலங்கள் ஒரு அட்டவணை. மானியத்துக்காக ஜிபிஎஸ்ஸோடு நடந்து அளந்த இன்றைய நிலங்கள் இன்னொன்று. ஒவ்வொரு நிலமும் ஒரு பலகோணம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால், யாருடைய உழவு யாருடைய நிலத்தில் ஏறியிருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். முதல் தடவை, ஜிபிஎஸ் தரும் அட்ச, தீர்க்கப் பாகைகளை மீட்டராக மாற்றாமலே பரப்பைக் கேட்டுவிட்டேன். சித்தப்பாவின் திருட்டு கைக்குட்டை அளவுகூடத் தேறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். அவருடைய நிலத்தை மட்டும் வடிகட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்தேன். மற்றவர்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

சங்கக் கூட்டத்தன்று என் கணினியின் வரைபடம் பெரிதாகச் சுவரில் விழுந்தது. சித்தப்பாவின் நிலத்தோரம் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை. தலைவர் ஹாஜ் தாஹர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் வயிறு குளிர்ந்தது.

சித்தப்பா அசரவில்லை. "என்னைய மட்டும் ஏம்மா பிடிச்சிருக்கே? மெஷினு எல்லாருக்கும் பொதுதானே? எல்லாருக்கும் ஓட்டிப் பாரு."

கூட்டம் தலையாட்டியது. வடிகட்டும் வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

இப்போது இரண்டு சிவப்புப் பட்டைகள். இரண்டாவது எங்கள் நிலத்தின் கிழக்கே, விதவை சுஆத்தின் பழைய எல்லைக்குள். அதே ஒரு வரிசை. எடுத்தது என் அப்பா. ரமதான் தோறும் அவர் சுஆத்துக்கு எண்ணெய் அனுப்புவார். தர்மம் என்று நினைத்திருந்தேன். முன்வரிசையில் இருந்த சுஆத் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

சித்தப்பா என் காதருகே வந்தார். "சுஆத் வரப்பைத் தள்ளின அன்னிக்கி அண்ணன்கூட டிராக்டர்ல இருந்ததே நான்தான். படத்தை மூடிரு மகளே. ரெண்டும் அப்படியே கெடக்கட்டும், அவரு பேரும் நல்லபடியா இருக்கும்."

மூடியிருக்கலாம். ஒரு விசை போதும். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்போடு அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"ஹாஜியாரே, ரெண்டையும் எழுதிக்கோங்க," என்றேன். "எங்கப்பா எடுத்தது சுஆத் அக்காவுக்குப் போகட்டும். இவரு எடுத்தது எங்களுக்கு வரட்டும்."

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. கண் நிறையப் பார்த்தேன். சுற்றிலும் என் அப்பாவின் பெயரை முணுமுணுத்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

வெளியே வந்ததும் அம்மா என் கையை உதறினாள். "செத்த மனுசனைத் திருடன்னு ஊருக்குக் காட்டித்தான் உனக்கு அந்த மரம் வேணுமா?"

"ஆமா," என்றேன்.