பத்து லட்சத்து ஒன்று

அந்த வீட்டில் பிள்ளைகளின் சண்டைக்கு அப்பா தீர்ப்புச் சொன்னதில்லை. எண்தான் சொல்லும். அப்பாவின் சலவைக் கடை வாசலில் அடுத்து வரும் வண்டியின் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். அது வேறொரு எண்ணால் மீதியில்லாமல் உடைந்தால் அக்காவுக்கு ஜெயம். எதற்கும் மசியாத பகா எண் என்றால் தம்பிக்கு. கணக்குப் போட்டவர் சொல்லே முடிவு. மற்றவர் சரிபார்க்கக் கூடாது. ஜன்னலோரப் படுக்கை அக்காவிடம் போனது அப்படித்தான்.

அப்பாவின் கை நீராவியில் வெந்துபோன வருடம், இருவரில் ஒருவர்தான் கல்லூரிக்குப் போகலாம் என்றானது. இருவருக்கும் கணக்குப் படிக்கத்தான் ஆசை.

"வண்டி நம்பரெல்லாம் இதுக்குப் பத்தாது," என்றாள் அக்கா. "நம்ம ரெண்டு பேருக்குமே விடை தெரியாததா இருக்கணும். பத்து லட்சத்து ஒண்ணு. உடைஞ்சா நான் போறேன். கணக்குப்புலி, நீயே போட்டுப் பாரு."

ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இந்த நான்கில் எதால் வகுத்தாலும் அடம்பிடித்ததுபோல் மீதி இரண்டு. அதற்கு மேலும் ஏதாவது ஒரு மீதி நின்றது. தொண்ணூற்றேழு வரை போனான். சலித்துவிட்டது. இவ்வளவு தாங்கியது இனிமேலா உடையப்போகிறது என்று பென்சிலைப் போட்டான்.

"உடையலக்கா."

"ஆயிரம் வரைக்கும் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

அவன் போனான். இரண்டாம் வருடமே வகுப்பில் தூங்கினான், பரீட்சையில் கோட்டைவிட்டான். பாதியில் திரும்பி வந்தான். அதன்பின் அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். படிப்பைப் பாழாக்கிய கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இப்போது அவனுக்கு ஸ்க்ரூ தொழிற்சாலையில் வேலை. எண்ணிக்கை குறைகிறது என்று யாரும் வாய் திறக்கக் கூடாதென்று அங்கே பெட்டிக்கு ஒரு ஸ்க்ரூ கூடுதலாகப் போடுவார்கள். நூறு பெட்டிக்கு ஒரு பெட்டி கூடுதல். அன்றைய சரக்கில் பெட்டிக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மொத்தம் நூற்றொரு பெட்டி. லேபிள் மெஷின் கூட்டித் துப்பியது: 1000001.

தொண்ணூற்றேழுக்கு அடுத்த பகா எண்ணே நூற்றொன்றுதான். இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்திருந்தால் போதும்.

"என்னப்பா, லேபிள்ல படமா ஓடுது?" என்றார் சூப்பர்வைசர்.

வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனான். அக்கா ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். லேபிளை அவள்முன் வைத்தான். அவள் முகம் மாறவில்லை.

"நூத்தியொண்ணு," என்றாள். "நீ பெட்டி கட்டிக் கெளம்புன அன்னிக்கே போட்டுப் பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"பொய் சொல்லிட்டுப் போற அளவுக்கு ஆசைப்படறான், போகட்டும்னு விட்டேன்." நீராவி சீறியது. "அதையும் பாதியில விட்டுட்டு வந்து நின்ன பாரு, அதைத்தான் தாங்க முடியல."

"தெரிஞ்சு ஏமாத்தலக்கா. தொண்ணூத்தேழோட நிறுத்திட்டேன். சலிச்சுப் போச்சு."

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்போ, உனக்கு அது அவ்வளவொண்ணும் வேணும்னுகூட இல்ல?"

அவன் லேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"இத்தனை வருஷமா உன்னைத் திருடன்னு நெனச்சிட்டிருந்தேன்டா," என்றாள். "திருடனாவே இருந்திருக்கலாம்."

அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

"லேபிளை எடு. துணியில பசை ஒட்டிக்கும்."