செங்கோணத்தில் திரும்பிய ஆறு

உப்பளத்துக்கு அடியில் ஒரு ஆறு ஓடுகிறது என்று டாக்டர் ஜெயப்பிரகாஷ் மைக்கில் அறிவித்தபோது, எடைமேடை ஆபீஸ் முன்னால் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் முதல் வரிசை மட்டும் கை தட்டியது. முதல் வரிசையில் இருந்தவர்கள் ஆபீசர்கள். பின்வரிசைகளில் உப்பு வாரும் சனம். ஆறு ஓடட்டும், குடம் நிறையட்டும், அப்புறம் தட்டுவோம் என்று அவர்கள் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று மேலே நின்றபடியே சொல்லுகிற டாக்டர். இது தெரியாமல், அவர் வந்த முதல் நாளே உப்பு வாரும் லூர்துமேரி தன் முட்டிவலியை அவரிடம் காட்டிவிட்டாள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எடையைக் குறைம்மா" என்றார். வாழ்நாள் பூராவும் பூமியின் இழுப்பையே அளந்தவருக்கு வேறென்ன வைத்தியம் தோன்றும்!

மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் பாதி அவருடைய படம், மீதிப் பாதியில் மரக்காணம் உப்பளம். உப்பளத்தின் குறுக்கே நீலமாக ஒரு பட்டை.

"புவியீர்ப்பு பொய் சொல்லாது" என்றார் டாக்டர். "அடியில் பாறை இருந்தால் கூடுதலாக இழுக்கும், மணல் நிறைந்த பழைய ஆறு இருந்தால் குறைவாக இழுக்கும். இந்தப் பட்டையில் இழுப்பு கால் மில்லிகால் குறைகிறது. அதாவது நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு! என் முப்பத்தோரு வருட சர்வீசில் இவ்வளவு சுத்தமான சிக்னலை நான் பார்த்ததில்லை."

முதல் வரிசையில் ஒரு இளம் என்ஜினீயர் எழுந்து, ஆறு மேற்கிலிருந்து நேராக வந்து ஒரே இடத்தில் செங்கோணமாக வடக்கே திரும்புகிறதே, அது எப்படி என்று கேட்டார்.

"அந்த இடத்தில் ஒரு பாறைப் பிளவு" என்று டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"பிளவு இல்ல, டிராஃபிக் போலீஸ் நிக்கிறான்" என்று பின்வரிசையில் கலியன் முணுமுணுக்க, சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி பாப்பாத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஆறு திரும்புகிற அந்த இடம் அவளுக்குத் தெரியும். பதினோராவது பாத்தி முடிந்து பெரிய வரப்பு வடக்கே திரும்புகிற முக்கு. ஜனவரி மாதம் தலையில் கூடையோடு அவளும் அங்கேதான் திரும்பினாள்.

அந்தக் கூடையில் இருந்தவை கட்டைகள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு கும்பல் வந்து, பாத்திகளின் நடுவிலும், உப்பளத்தை ஒட்டிய காலனிக்குப் பின்னால் வரையிலும் வரிசையாக மரக்கட்டைகளை அடித்து, சிவப்பு பெயிண்டில் நம்பர் எழுதி, ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்துவிட்டுப் போயிற்று. கும்பல் போனது, பாத்தி மிதிக்கிற காலம் வந்தது. பாத்தித் தரையைக் களிமண்ணாகக் குழைத்து, நாள் கணக்கில் காலால் மிதித்து, சிமெண்டுத் தரை மாதிரி இறுக்கினால்தான் உப்புநீர் நிற்கும். அதில் ஊசி போகிற ஓட்டை இருந்தாலும் தண்ணீர் இறங்கி, கீழே இருக்கிற சேறு மேலே வந்து, விளைகிற உப்பு பழுப்பாகிவிடும். ஓட்டைப் பானையில் யாராவது உலை வைப்பார்களா? உப்பளத்தில் பிறந்த எந்தப் பொம்பளையும் செய்கிற காரியத்தைத்தான் பாப்பாத்தி செய்தாள். பாத்திகளில் இருந்த இருபத்திரண்டு கட்டைகளையும் பிடுங்கி, ஓட்டைகளைக் களிமண் வைத்து அடைத்து மிதித்தாள். அரசாங்கக் கட்டை வீணாகக் கூடாது என்று, ஒவ்வொன்றையும் அததற்கு நேராகப் பெரிய வரப்பின் மேல், நம்பர் வரிசை மாறாமல், எழுத்து கிழக்கே பார்க்கும்படி நட்டும் வைத்தாள். இவ்வளவு பொறுப்பாக யார் செய்வார்கள் என்று அப்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் மாதம் அமுதவல்லி பெட்டியோடு வந்தாள். திண்டிவனத்துக்காரி, முப்பத்தாறு வயது, பத்து வருடமாக டாக்டரிடம் காண்டிராக்ட் வேலை. பெட்டி ஒரு சின்ன அரிசி டின் அளவு. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதில் தொங்குகிற ஒரு பொட்டு எடை. ஒவ்வொரு கட்டையருகிலும் அதை வைத்து, மூன்று திருகைத் திருகி மட்டம் பார்த்து, வெயிலும் காற்றும் படாமல் குடை பிடித்து, யாரும் பக்கத்தில் நடக்காமல் இருந்தால், அங்கே பூமியின் இழுப்பு எவ்வளவு என்று அது ஒரு எண்ணைக் காட்டும். குடை பிடிக்கப் பாப்பாத்தியைத்தான் வைத்துக்கொண்டாள். மணிக்கு ஒருதரம் இருவரும் எடைமேடை ஆபீஸ் படிக்கட்டுக்கே திரும்பி வந்து அங்கே மறுபடி அளப்பார்கள்.

"ஸ்பிரிங்கும் நம்மள மாதிரிதாங்க்கா. நேரம் ஆக ஆக சோர்ந்துடும். எவ்ளோ சோர்ந்துச்சுன்னு இங்க வந்து பாத்துக்கணும்" என்பாள் அமுதவல்லி. பாப்பாத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "மூச்சு வுடுங்க்கா, நடக்கத்தான் கூடாது" என்று சிரிப்பாள்.

கூட்டம் கலைந்ததும் பாப்பாத்தி அவளைத் தனியாகப் பிடித்தாள்.

"மேடம், அந்தப் பொட்டிய உசரத்துல வெச்சா வேற மாதிரி காட்டுமா?"

"காட்டுமே. பூமிய வுட்டு மேல போகப் போக இழுப்பு கம்மியாயிடும். ஏணியில ரெண்டு படி ஏறுனாலே கண்டுபுடிச்சுடும் அது. அதான் ஒவ்வொரு கட்டை உயரத்தையும் கழிச்சுட்டுத்தான் கணக்கு போடுவோம்."

"ஒரு இடுப்பளவு ஏத்தி வெச்சா?"

அமுதவல்லி மனசுக்குள் பெருக்கினாள். "கிட்டத்தட்ட கால் மில்லிகால். ஏங்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாப்பாத்தி நடையைக் கட்டினாள். கால் மில்லிகால் என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதே சொல்லைத்தான் டாக்டர் மைக்கில் சொன்னார் என்பது தெரியும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டி வருகிறது. காலனியில் நாற்பத்திரண்டு வீடு, குடிக்க லாரித் தண்ணீர். இதற்கு முன் போட்ட இரண்டு போரிலும் கடலே வந்து எட்டிப் பார்த்தது. இது மூன்றாவது, இதுவும் உப்பாகப் போனால் இனிமேல் மனு கொண்டுவராதீர்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். டாக்டரின் ஆற்றில், அதுவும் அந்த முக்கில், குழாயை இறக்கப் போகிறார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பது பாப்பாத்திக்குத் தெரியாது. ஆறு இல்லை என்பது மட்டும் தெரியும்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டையிலும் மஞ்சள் தகட்டில், அகற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை அவள் மகள் படித்துச் சொன்னது, எல்லாவற்றையும் பிடுங்கி நட்ட பிறகுதான்.

சாயங்காலம் லாரி வரிசையில் குடத்தின் மேல் உட்கார்ந்திருந்த லூர்துமேரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இன்னாடி சொல்ற! இருபத்திரெண்டையுமா புடுங்குன?"

"பாத்தியில ஓட்ட இருந்துச்சுக்கா."

"எவனாவது பாத்தானா?"

"யாரும் பாக்கல."

"அப்ப வாய மூடிக்கினு இரு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னா ஃபாதர்கிட்ட பண்ணு, ஆபீசர்கிட்ட பண்ணாத. ஃபாதர் மூணு ஜெபம் சொல்லச் சொல்லுவாரு, இவனுங்க மூணு வருஷம் அலைய வுடுவானுங்க."

லாரி வந்தது. வீட்டுக்கு நாலு குடம் என்பது அன்றைக்கு இரண்டாகிவிட்டது. முன்னால் நின்றவளின் தலைமுடியைப் பின்னால் நின்றவள் பிடித்தாள். குழாயை மூடிவிட்டு டிரைவர் போன் பேசினான். லூர்துமேரி முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது குடத்துக்காகக் கெஞ்சினாள். கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து பாப்பாத்தியின் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சொன்னாள்: "போடி. போய்ச் சொல்லித் தொலை."

சனிக்கிழமை காலையில் பாப்பாத்தி சொன்னதையெல்லாம் அமுதவல்லி கேட்டாள். கேட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பாப்பாத்தி காத்திருந்தாள்.

"லெவல் எடுத்தவங்க நோட்டுல 'பாத்தித் தரை'ன்னுதாங்க்கா எழுதியிருந்தாங்க" என்றாள் அமுதவல்லி மெதுவாக. "கட்டை வரப்பு மேல இருக்குது. நானும் பாத்தேன். நிக்கறதுக்கு வசதியா இருக்குதேன்னு சந்தோஷப்பட்டேனே ஒழிய, ஏன்னு யோசிக்கல. உங்களுக்கு நடவடிக்கைன்னா எனக்கும்தான்."

"இப்ப இன்னா பண்றது மேடம்?"

"பெட்டியில எடுத்த அளவு சரிதான். உயரம்தான் தப்பு. கட்டை எவ்ளோ மேல ஏறிச்சுன்னு தெரிஞ்சா போதும்."

கலியன், சீசன் இல்லாத மாதங்களில் கொத்து வேலைக்குப் போகிறவன். அவனுடைய மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைப் பாத்தியில் பாப்பாத்தி பிடிக்க, மறுமுனையை வரப்பின் மேல் அமுதவல்லி பிடித்தாள். எந்த ஓட்டையை எங்கே அடைத்தோம் என்று பாப்பாத்திக்கு இருபத்திரண்டும் அத்துப்படி. எண்பத்தேழு சென்டிமீட்டர், தொண்ணூற்றொன்று, எண்பத்து நாலு. லட்சக்கணக்கில் விலைபோட்ட பெட்டி சொன்ன பொய்யை முப்பதடி டியூப் மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டது. பெட்டி சொன்ன பொய் என்றால் பாவம். அது உண்மையைத்தான் சொன்னது. கேட்டவர்கள்தான் வேறு கேள்விக்கு விடையாக எழுதிக்கொண்டார்கள்.

அமுதவல்லி லேப்டாப்பில் புது உயரங்களைப் போட்டாள். ஆறு காணாமல் போயிற்று. அந்தப் பெரிய நீலம் கரைந்ததும், அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு வெளிர்நீலம் மேற்கே தெரிந்தது. காலனிக்குப் பின்னால், பனைமரங்கள் நிற்கிற மேட்டில்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் தங்கியிருந்த விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அமுதவல்லி சொல்லச் சொல்ல இட்லி ஆறியது.

"அமுதவல்லி, கருவிக்கு என்ன தெரியும், வரப்புக்கு என்ன தெரியும்? விளக்கம்னு ஒண்ணு இருக்கு. அது அனுபவம். அந்தப் பிளவு..."

"பிளவு இல்ல சார்" என்றாள் பாப்பாத்தி. வாசலில் நின்றபடி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "அங்க வரப்பு திரும்புது. ஆறு திரும்பல சார். நான்தான் திரும்புனேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். யாரம்மா நீ என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. அமுதவல்லி வைத்த தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். விரல் பதினோராவது கட்டையில் நின்றது.

"எனக்கும் அந்தத் திருப்பம் உறுத்துச்சு" என்றார் கடைசியில். மைக் குரல் போய், வீட்டுக் குரல் வந்திருந்தது. "ஆகஸ்டுல ரிட்டயர்மென்ட். முப்பத்தோரு வருஷத்துல நான் கண்டுபிடிச்சதெல்லாம் 'இங்க ஒண்ணும் இல்லை'ங்கறதுதான். ஒரு ஆறாவது இருக்கட்டுமேன்னு தோணிச்சு."

அவரைப் பார்க்கப் பாப்பாத்திக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பெரிய மனுஷனின் ஆற்றை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டோமே என்றிருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"என் மேல கேஸ் போடுவீங்களா சார்?"

"போட்டா, ஆறு ஏன் திரும்பிச்சுன்னு நான் கூண்டுல ஏறிச் சொல்லணும்மா" என்றார் டாக்டர். "வேணாம்."

"அப்ப அந்தப் பனைமரத்தாண்ட தண்ணி இருக்குதா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அரைமணி நேரச் சொற்பொழிவு ஒன்று தொண்டை வரை வந்தது தெரிந்தது. அதை விழுங்கினார்.

"மணல் இருக்கலாம். மணல்ல தண்ணி இருக்கலாம். அது நல்ல தண்ணியான்னு இந்தப் பெட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அமுதவல்லி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்று அவள் கேட்டதே இல்லை. அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, போர் போடும் உத்தரவில் பழைய இடத்தை அடித்து, புது இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் "உயரத் திருத்தம்" என்று மட்டும் எழுதினார். யாருடைய பேரையும் எழுதவில்லை.

திங்கட்கிழமை போர் வண்டி பனைமர மேட்டில் நின்று உறுமியது. எண்பதடி வரை களிமண். தொண்ணூறிலும் களிமண். பாப்பாத்தி பனைமரத்தோடு மரமாக நின்றாள். இதுவும் உப்பாகிவிட்டால், கட்டையைப் பிடுங்கியவள் என்று இல்லை, ஆற்றையே கெடுத்தவள் என்று காலனி சொல்லும். நூற்றுப் பத்தில் குழாய் வாயிலிருந்து மஞ்சள் மணல் கொட்டியது. நூற்று முப்பதில் தண்ணீர் பீறிட்டது. கலங்கல் தெளிகிற வரை ஒரு மணிநேரம் ஓடவிட்டார்கள்.

பாட்டிலில் பிடித்துச் சீல் வைத்த ஆபீசர், ரிசல்ட் வர பதினைந்து நாள் ஆகும் என்றார். கலியன் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "லேசா சவர் அடிக்குது" என்றான். "லாரித் தண்ணி மட்டும் இளநியா?" என்றாள் ஒருத்தி. வாய் ருசியை நம்பி ஆளுக்கொன்று பேசினார்கள்.

லூர்துமேரி வாய் ருசியை நம்பவில்லை. மூன்று கல்லைக் கூட்டி, பனை மட்டையைச் செருகி, அந்தத் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பைப் போட்டு அடுப்பேற்றினாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. இதற்கு முந்தைய போர்த் தண்ணீரில் ரெண்டு மணி நேரம் கொதித்தும் கூழாங்கல்லாக உருண்டது. கூட்டம் அடுப்பைச் சுற்றி நின்றது. டாக்டரும் நின்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து, "நீயே பாருடி" என்று லூர்துமேரி கரண்டியை நீட்டினாள்.

பாப்பாத்தி ஒரு பருப்பை எடுத்து ஊதி, விரலிடுக்கில் வைத்து அழுத்தினாள். நசுங்கியது. நடுவில் மட்டும் ஒரு கடுகளவு கெட்டி.

"இன்னாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"வேகுது சார். நேரம் எடுக்கும், ஆனா வேகுது."

சொல்லிவிட்டுக் குனிந்து இன்னொரு மட்டையை அடுப்புக்குள் தள்ளினாள். பின்னாலிருந்து குடங்கள் எடுத்து வைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.